கட்டில்ல ஏறிக்கோ

பிள்ளைகளா, அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறீர்கள். காபியை ஆற்றிக்கொண்டே இருப்பாள், சம்பந்தமே இல்லாமல், "உங்க மாமாவ நான்தான் கொன்னேன். இந்தக் கையாலதான்" என்பாள். நீங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். போன வாரம் பைக்கில் என் பின்னால் வரும்போது சின்னவன் காதுக்குள் கேட்டான்: "அத்தை சொல்லுதது நிசமாப்பா?" வண்டி ஓட்டிக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. வீட்டில் உங்கள் அம்மா முன்னாலும் முடியாது. செத்தவர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அதனால் எழுதுகிறேன். பஞ்சர் கடைக்காரன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

அத்தை மாமாவை அடித்தது நிஜம். அந்த அடியில் அவர் சாகவில்லை. எதில் செத்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் ஏன் அந்த அடியை வாங்கிக்கொண்டு சும்மா நின்றார் என்று உங்களுக்குப் புரியாது.

என் முன்பல் கட்டுப்பல் என்பது உங்களுக்குத் தெரியும். கல் தடுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன். அதை உடைத்தவர் மாமா. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், அறுப்பு முடிந்த வயலில் கபடிக்குக் களம் போட்டிருந்தார்கள். அவர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். நான் பாடிப் போனேன். மூலையில் பைய நகர்ந்துகொண்டிருந்த மனிதர் ஒரே பாய்ச்சலில் என் கணுக்காலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நான் முகம் குப்புற நெல் தாளில் விழுந்தேன். பல் மண்ணில் கிடந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி பாடப் போனேன். மறுபடியும் அதே காலைப் பிடித்தார்.

ஆட்டம் முடிந்ததும் கையில் ஒரு பால் ஐஸோடு வந்தார். "இத ஈறுல வச்சு அமுக்குலே. எந்த ஊரு நீ?" என்றார்.

"பல்லு போனதுக்கு அப்புறம் ஊரு எதுக்கு?" என்றேன் நான்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த லீவில் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். என் அப்பாவிடம், "அண்ணாச்சி, பல்லு போனவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஒடச்சவந்தான் குடுக்கணும். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றார். அப்படித்தான் உங்கள் அம்மா இந்த வீட்டுக்கு வந்தாள்.

எல்லாவற்றுக்கும் அவருக்குக் கைதான் முதலில் போகும், வாயில் கேலிதான் முதலில் வரும். வருத்தப்பட வேண்டிய நேரத்திலும் அவர் வாயில் கேலி வரும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளத்தில் அவர் குத்துச்சண்டை போட்டார். அவர் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்ததே, அது வடக்கே ஒரு சர்தார் கொடுத்தது. "அவனுக்கு நான் குடுத்தத நீ பாக்கலையே" என்பார். தோளில் பல் தடம் ஒன்று இருந்தது. நாய் கடித்தது என்று உங்களிடம் சொல்லிவைத்திருந்தார். அது நாய் இல்லை. எல்லையில் பனிமலையில் குண்டு விழுந்து கூட இருந்தவனுக்கு இரண்டு காலும் போய்விட்டது. இவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கிறார். சத்தம் போட்டால் அடுத்த குண்டு வரும். அவன் வலி பொறுக்க முடியாமல் இவர் தோளைக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறான். பனி உடுப்பைத் தாண்டிப் பல் இறங்கியிருக்கிறது. இதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். "பாதி வழியில கடி விட்டுட்டான் மாப்ளே. திரும்பிப் பாக்கணும்னே இல்ல, தெரிஞ்சுபோச்சு. அவன் இன்னும் கொஞ்சம் கடிச்சிருக்கலாம்னு நடந்தேன்."

ஓய்வு பெற்று வந்து, வங்கிக்குப் பணம் கொண்டுபோகிற வேனில் துப்பாக்கியோடு உட்காருகிற வேலை பார்த்தார். விடிந்ததும் நம் ஊர் வண்ணாரப்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை மைதானம் வரை ஓடுவார். திரும்பி வந்து ஆற்றில் அக்கரைக்கு நீந்திப் போய்விட்டு வருவார். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி நெல்லில் விழுகிறது என்று யாரோ சொன்னதற்காக ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு பாபநாசம் பக்கம் போனார். வரப்பில் அது எதிரே வந்தது. நான் மரத்தில் ஏறிவிட்டேன். அவர் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு அதை நோக்கி ஓடினார். அது அவர் தொடையைக் கிழித்துவிட்டுத்தான் காட்டுக்குள் போனது. தைத்துக்கொண்டிருந்த டாக்டரிடம், "அதுக்கும் தையல் போடணும் சார், கூட்டிட்டு வரட்டா?" என்று கேட்டார்.

அவர் தெருவில் ஒருவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியைச் செங்கல்லால் அடித்தான். இவர் போய் அவன் தாடையை உடைத்தார். உடைத்த கையோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்த நாளெல்லாம் கஞ்சி கொண்டுபோனதும் அவர்தான். அவன் பெண்டாட்டியே, "உம்ம யாருவே வரச் சொன்னது?" என்று இவரைத் திட்டினாள். இவர் சிரித்தார். அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அதே கைதான் உங்கள் மதினிக்குத் தலை பின்னிவிட்டது. அவள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க மகளுக்குச் சடை போட்டது அப்பாதான். பூட்ஸ் கயிறு இழுப்பதுபோல் இழுத்துக் கட்டுவார். பிள்ளைக்குக் கண் மேலே ஏறிக்கொள்ளும். "ஏ அப்பா, எனக்கு இமை மூட முடியல" என்று அவள் அழுவாள். "மூடாம இரு. பாடம் நல்லா மண்டையில ஏறும்" என்பார்.

இனி அத்தையைப் பற்றி. அவள் நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கத்துக்காரி. அங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம். நமக்கு வெள்ளம் என்றால் ஆறு கரை தாண்டி வருவது. கல்யாணமான மறுநாள் பந்தியில் அவள் செம்போடு வந்து என்னிடம், "தம்பி, வெள்ளம் வேணுமா?" என்று கேட்டாள். நான் விழித்தேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா இலையைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். "ஏலே, எல்லாரும் மேல ஏறுங்கலே. இவ வெள்ளம் கொண்டாந்துட்டா."

அன்றைக்குப் பிடித்த கேலியை அவர் விடவே இல்லை. அவர்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். வந்ததும் அத்தை வாசலில் நின்று, "ஏங்க, வெள்ளம் வந்துட்டு" என்று கூப்பிடுவாள். இவர் உள்ளே இருந்து, "கட்டில்ல ஏறிக்கோ" என்பார். அவள் வாய்க்குள் திட்டிக்கொண்டே குடத்தை எடுப்பாள். பிறகு இவரே வந்து குடங்களைத் தூக்கிக் கொடுப்பார். கல்யாணமாகி மகள் பிறந்து, அந்த மகளுக்கும் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வீட்டில் தண்ணீர் வந்தால் இந்தப் பேச்சுத்தான். தெருக்காரர்களுக்கும் தெரியும். நானே எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

அந்த வருஷம் மார்கழி பிறந்த கையோடு மழை பிடித்தது. நமது வீடு பாளையங்கோட்டை மேட்டில் இருப்பதால் நீங்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தீர்கள். என் கடை பைபாஸ் ஓரம். மாமா வீடு அதற்கும் கீழே, ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் புதிதாக வந்த நகரில். ஆற்றிலே இருக்கிற உறைகிணற்று மோட்டார் நின்றுபோனதால் அவர்கள் தெருவில் குழாய் வறண்டு கிடந்தது. வெளியே கொட்டுகிறது, வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. நிறைமாசப் பிள்ளை வேறு வீட்டில். காலையில் அவர் என் கடைக்குக் கிளம்பும்போது அத்தையிடம், "குழாயில வந்ததும் போன் போடு, வந்து தூக்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கடைக்குள் மழைத் தண்ணீர் ஏறினால் கம்ப்ரசர் மோட்டார் கெட்டுப்போகும், பலகை மேல் தூக்கி வைக்கக் கை கொடுங்கள் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் மழை விட்டுத் தூறலாக இருந்தது. மோட்டாரை ஏற்றி முடித்தோம். அப்போது போன் அடித்தது. எனக்கும் கேட்டது, சத்தமாகப் பேசுகிற போன் அது. கரகரவென்று இரைச்சல். நடுவில் அத்தை குரல்.

"ஏங்க, வெள்ளம் வந்துட்டு. கேக்குதா? வெள்ளம் வந்துட்டு."

மாமா முகம் மலர்ந்துபோயிற்று. "கட்டில்ல ஏறிக்கோ" என்றார். லைன் அறுந்தது.

"என்ன சொல்லுதாவ?" என்றேன்.

"குழாயில வந்துட்டாம். குடத்தப் பிடிச்சு வைக்கட்டும். டீயக் குடிச்சிட்டுப் போறேன்."

டீ குடித்தோம். சிரித்துக்கொண்டுதான் குடித்தோம். டம்ளரைக் கீழே வைக்கும்போது கீழே நகர்ப் பக்கமிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்தது. பின்னால் ஆள்களும் ஆடுகளுமாக நின்றார்கள். ஓட்டி வந்தவர் வண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "அண்ணாச்சி, கடையச் சாத்திட்டு மேட்டுக்குப் போங்க. அணையத் தொறந்துட்டானுவ. ஆறு நகருக்குள்ள பாஞ்சிட்டு."

மாமா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. "வெள்ளம்னு சொன்னா மாப்ளே" என்றார். "வெள்ளம்னுதான சொன்னா." மறுபடி போன் போட்டார். மணி அடிக்கவே இல்லை.

அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் உத்தரவு. கம்ப்ரசர் தொட்டியில் மிச்சமிருந்த காற்றில் இரண்டு லாரி டியூப்பை நிரப்பச் சொன்னார். லோடு கட்டுகிற நைலான் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். டயர் கழற்றுகிற கம்பியை முதுகில் செருகிக்கொண்டார். ஆளுக்கொரு டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் ஓடினோம். நகரின் முதல் தெருவிலேயே தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அடுத்த தெருவில் கால் தரையில் நிற்கவில்லை.

அந்தத் தண்ணீரை நான் எப்படிச் சொல்வேன். நாம் ஞாயிற்றுக்கிழமை குளிக்கிற ஆறு இல்லை அது. சேறு நிறம், கசாப்புக்கடை வாடை. ஒரு பசு மாடு வயிறு உப்பி, கழுத்துக் கயிற்றோடு சுழன்றுகொண்டு வந்தது. கேஸ் சிலிண்டர்கள் குண்டு மாதிரி வந்து சுவர்களில் மோதின. எங்களுக்கு முன்னால் ஒரு காம்பவுண்டுச் சுவர் நின்ற வாக்கில் அப்படியே படுத்தது. ஒரு ஸ்கூட்டர் தலைகீழாக வந்து என் முட்டியில் அடித்தது. நான் கத்திக்கொண்டு ஒரு மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். விட மனசு வரவில்லை. மாமா திரும்பி நீந்தி வந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். "கம்பத்துக்கா உனக்குப் பொண்ணு குடுத்தேன்? விடுலே" என்றார். அந்த நேரத்திலும் கேலிதான். ஆனால் குரல் அவர் குரலாக இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்பக்கம் இரும்பு கேட், உள்ளே போட்ட பூட்டு தண்ணீருக்கு அடியில். மழைச் சாரலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அதனால் வெளியில் இருந்த அளவுக்குத் தண்ணீர் உள்ளே இன்னும் ஏறவில்லை. மாமா கம்பியால் ஒரு ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். உள்ளே கட்டில் மேல் இரண்டு பேரும் நின்றார்கள். அத்தை மகளைப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மகள் வயிற்றைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

"பின்கதவ ஒடைக்கப் போறேன். ஒடச்சதும் தண்ணி பாஞ்சு வரும். ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கோங்க, என்ன ஆனாலும் விடாதிய" என்றார். அத்தை ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். அவரை வெறித்துப் பார்த்தாள்.

பின்கதவு மரக்கதவு. ஊறிப்போய் இறுகியிருந்தது. கம்பியைக் கொடுத்து நெம்பினார், பிறகு தோளால் இடித்தார், பிறகு மூழ்கிக் காலால் உதைத்தார். நான் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். கதவு பிளந்தது. தண்ணீர் அவரை உள்ளே வாரிக்கொண்டு போனது, நானும் நிலைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அடுக்களைக்கும் அறைக்கும் நடுவில் அத்தை சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோ நின்றதல்லவா? அது ஆடியதை நான் பார்த்தேன். கத்தினேன். அது அவர் மேல் சாய்ந்து, அவரை ஆட்டுக்கல் மேடையோடு சேர்த்து அழுத்தியது. பச்சை விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவிலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பீரோவை நானும் அவருமாகத் தள்ளினோம். வெளியே வந்தவர் வாயில் ரத்தம் இருந்தது. "மச்சான், விலா" என்றேன். "ஒண்ணுமில்ல. அவகிட்டச் சொல்லாத" என்றார்.

மகளை ஒரு டியூப்பில் உட்கார வைத்தோம். அத்தை இன்னொன்றில். எதிர்வீட்டுக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு உண்டு. தெருவைக் கடப்பது அவ்வளவுதான், ஆனால் தெரு இப்போது ஆறு. கயிற்றின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறு நுனியோடு அவர் நீந்திப் படிக்கட்டுக் கைப்பிடியில் கட்டினார். பிறகு திரும்பி வந்தார். உடைந்த விலாவோடு அந்த மனிதர் திரும்பி வந்தார். கயிற்றைப் பிடித்துப் பிடித்து நான் மகளைக் கொண்டுபோனேன். அவர் அத்தையைக் கொண்டுவந்தார். நடுத்தெருவில் ஒரு சிலிண்டர் நேராக அத்தையைப் பார்த்து வந்தது. அவர் குறுக்கே திரும்பி அதைத் தன் முதுகில் வாங்கினார். முனகல்கூட இல்லை.

மொட்டைமாடியில் ஏறி நின்றோம். கீழே அவர்கள் வீட்டுக் கூரை விளிம்பு மட்டும் தெரிந்தது. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். "அசையுது மாமா" என்று என்னிடம் சொன்னாள். மாமா அதைக் கேட்டதும் அத்தையைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்தாள். இரண்டு கையையும் முட்டியாக்கி அவர் நெஞ்சில் குத்தினாள். "கட்டில்ல ஏறிக்கோன்னு சொன்னியளே. ஏறினேன்லா. பிள்ளைத்தாச்சியையும் ஏத்திக்கிட்டு ஏறி நின்னேன்லா. சிரிச்சிட்டுல்லா போன வச்சிய." நெஞ்சிலும் விலாவிலும் மாறி மாறி விழுந்தது. நான் தடுக்கப் போனேன். மாமா என்னைப் பார்த்து ஒரு விரலை அசைத்தார், வராதே என்று. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அதிகாரி முன்னால் நிற்பதுபோல. அவளுக்கு ஓய்ந்து கை விழும் வரை நின்றார். பிறகு பைய உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை.

மறுநாள் காலையில் கடற்கரை ஊரிலிருந்து வந்த மீன்பிடிப் படகில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. விலா எலும்பு உடைந்து நுரையீரலைக் குத்தியிருந்தது. அழுக்குத் தண்ணீர் வேறு உள்ளே போயிருந்தது. கனமான இரும்பு ஏதோ நசுக்கியிருக்கிறது என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். ஆனால் மாமாவின் வாய் சும்மா இருக்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸ், "எப்படிங்க ஐயா இப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டாள். அத்தை பக்கத்தில்தான் நின்றாள். "வீட்டுக்காரி குத்திட்டா சிஸ்டர். பட்டாளத்துல இப்படி ஒரு குத்து நான் வாங்குனதில்ல" என்றார்.

நர்ஸ் சிரித்தாள். அத்தை தன் கையைப் பார்த்தாள். அவர் கடைசியாகச் செய்த கேலி அதுதான். அதற்குப் பிறகு மூச்சுக்குழாய் வைத்துவிட்டார்கள். குழாயோடுதான் போனார்.

அவளிடம் நான் சொல்லாமலில்லை. சாவுக்கு ஆள் கூடிய துஷ்டி வீட்டிலேயே பீரோ விழுந்ததைச் சொன்னேன். "எனக்காகச் சொல்லுதிய தம்பி" என்றாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "மாடியில ஏறுத வரைக்கும் சிரிச்சிட்டுல்லா இருந்தாவ. நான் அடிச்ச பொறவுல்லா உக்காந்தாவ" என்றாள். கண்ணால் பார்த்ததை விட்டு அவள் வரமாட்டேன் என்றாள். பேரன் பிறந்தான். அவனை அவள் தூக்கவில்லை. உங்கள் மதினி பச்சை உடம்போடு பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், இவள் சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். "இந்தக் கைக்கு அந்தப் பிள்ளையத் தொட அருகதை இல்ல" என்பாள். மதினி என்னிடம் வந்து அழுதாள். "அப்பாவும் போயாச்சு. அம்மா இருந்தும் இல்லாத மாதிரி இருக்கு மாமா."

அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு நேரே அங்கே போனேன். என்ன பேசுவது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. மதினி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை வழக்கம்போலச் சுவரோரம்.

"அக்கா, எந்திரிங்க" என்றேன். "அன்னைக்கு அடிச்ச மாதிரி என்ன அடிங்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

"உங்க கையில எவ்வளவு பலம் இருக்குன்னு பாத்துருவோம். மச்சான விட நான் நோஞ்சான்தான. ஒரு எலும்பாவது ஒடியுதான்னு பாப்போம்."

மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். ஒரு குத்து விட்டாள், கொசு உட்கார்ந்ததுபோல. "இதுலயா ஒரு மிலிட்டரிக்காரரு செத்தாரு?" என்றேன். அப்படிச் சொன்னதற்கு அவள் கண் சிவந்தது. அடுத்த குத்து வலித்தது. அதற்கடுத்தது இன்னும் வலித்தது. பிறகு அவள் என்னை அடிக்கவில்லை, வேறு யாரையோ அடித்தாள். நெஞ்சிலும் விலாவிலும் தோளிலும். "ஏறிக்கோன்னியளே, ஏறிக்கோன்னியளே" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நான் பின்னால் நகர்ந்து நிலையில் முட்டிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கட்டத்தில் எனக்கே மூச்சு முட்டியது. ஆனாலும் நின்றேன்.

ஓய்ந்ததும் அவள் கையை எடுத்து என் விலாவில் வைத்தேன். "தொட்டுப் பாருங்க. எது ஒடிஞ்சிருக்கு?"

அவள் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே ஒவ்வோர் எலும்பாக அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "அப்போ அவிய ஏன் எங் கையத் தட்டிவிடல?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா" என்றேன். எனக்கு இப்போதும் தெரியாது. நீங்கள் படித்த பிள்ளைகள், உங்களுக்குத் தோன்றலாம்.

இந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்து வீறிட்டான். நான் அசையவில்லை. அத்தை கொல்லைப் பக்கம் பார்த்தாள், மதினி வரவில்லை. பிள்ளை அழுதான். அவள் தொட்டில் பக்கம் போனாள். பிள்ளையைத் தூக்கவில்லை. தொட்டில் சேலையை ஒரு விரலால் பிடித்து ஆட்டினாள். பிறகு முழுக் கையாலும் பிடித்து ஆட்டினாள்.

இன்றைக்கு அந்தப் பிள்ளை அவள் இடுப்பை விட்டு இறங்குவதில்லை, நீங்களே பார்க்கிறீர்கள். ஆனாலும் அந்தப் பேச்சு அவள் வாயில் வந்துவிடுகிறது. இனிமேல் அவள் அதைச் சொன்னால் சும்மா இருக்காதீர்கள். "பீரோதான் அத்தை. அப்பா பாத்திருக்காவ" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். அவள் வீட்டில் வெள்ளம் வேணுமா என்று கேட்டால் வாங்கிக் குடியுங்கள், சிரிக்காதீர்கள்.

அன்றைக்கு அங்கிருந்து கிளம்பியவன் நேரே வீட்டுக்கு வரவில்லை. வண்டியைப் பாலத்துக்குக் கீழே விட்டுவிட்டு ஆற்றில் இறங்கினேன். முட்டியளவுதான் ஓடியது. மாமா சாம்பலை அங்கேதான் கரைத்திருந்தோம். தூரத்தில் இரண்டு பேர் துணி அலசிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். நெஞ்செல்லாம் சிவப்பு சிவப்பாகத் தடித்திருந்தது. குனிந்து, கையை எவ்வளவு ஓங்க முடியுமோ அவ்வளவு ஓங்கி, ஆற்றை ஓர் அறை அறைந்தேன். உள்ளங்கை எரிந்தது. தண்ணீர் முகத்தில் தெறித்தது. அதைத் துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கரையேறினேன்.